குரூப் 4-ஆ, ஒரகடம் அப்ரண்டிஸா?

ஐடிஐயோ டிகிரியோ முடிச்ச பசங்க நெறைய பேர் இந்த ரெண்டுல ஒண்ணுலதான் போய் நிக்கிறாங்க: ஒண்ணு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சை, இன்னொண்ணு சென்னை பக்கத்துல ஒரகடம் கம்பெனிங்கள்ல அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுற டிரெய்னிங். குரூப் 4-க்கு பத்தாவது பாஸ் போதும், 200 கேள்வி, 300 மார்க், இன்டர்வியூ கிடையாது, சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பசங்களுக்கு இதவிட நியாயமான வழி இல்லதான், ஆனா 2024-ல முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணது கிட்டத்தட்ட 20 லட்சம் பேர், அதாவது ஒரு போஸ்டுக்கு 300 பேருக்கு மேல! எழுதி எழுதி வயசு ஏறிட்டா, அப்புறம் பிரைவேட்ல போனாலும் "இத்தன வருஷம் என்ன பண்ணீங்க?"ன்னுதான் கேப்பாங்க.

அப்ரண்டிஸ்ல சேந்தா மாசாமாசம் ஸ்டைபெண்ட் வரும் (ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே பாதி போயிடும், அது வேற கத). சட்டப்படி அவங்க தொழிலாளி இல்ல, டிரெய்னி, அதனால பிஎஃப் கிடையாது, முடிச்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கம்பெனிக்கு கட்டாயமும் இல்ல. ஆனா மெஷின்ல கை பழகிடும், அடுத்த கம்பெனில அது பேசும்.

வீட்டுல ரெண்டு வருஷம் தாங்குவாங்கன்னா குரூப் 4 எழுதுங்க, கடன் இருந்தா யோசிக்காம ஒரகடம் பஸ் ஏறுங்க.