சாம்பல் நோய்க்கு வேப்பெண்ணெயா, சமையல் சோடாவா?

வீட்டுக்குள் விளக்கொளியில் வளரும் செடியின் இலையில் மாவு தூவினாற்போல் வெள்ளைத் திட்டு. விரலால் துடைத்தால் போகும், சில நாளில் திரும்பி வரும். இதுதான் பூஞ்சையால் வரும் சாம்பல் நோய்.

செலவு: சோடாதான் மலிவு.

வேலை: சோடா இலைப்பரப்பைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) உள்ளதாக்கிப் பூஞ்சையைத் தடுக்கும். வேப்பெண்ணெய் படலமாக ஒட்டி நின்று பூஞ்சையின் வித்துகளை முளைக்கவிடாது.

தொல்லை: சோடாவின் உப்பு மண்ணில் சேரும், அடிக்கடி அடித்தால் இலை ஓரம் கருகும். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. 1 லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு விட்டுக் குலுக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகே அடியுங்கள், இல்லையேல் இலை வெந்துவிடும். வாசனையும் லேசில் போகாது!

வருமுன் காக்க வேப்பெண்ணெய். அங்கங்கே திட்டு தெரிந்துவிட்டால், ஓரிரு முறை மட்டும் சோடா. பூத்த செடிக்கு இரண்டுமே வேண்டாம். நோய் இலையைக் கிள்ளிவிட்டு மின்விசிறியை ஓடவிடுங்கள்.