டீக்கு எது? சர்க்கரை, கருப்பட்டி, தேன், சைலிட்டால்: வாய் பாக்டீரியா பார்க்கும் கணக்கு

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ மாறிய வீடுகள் நிறைய. உடம்புக்கு நல்லது என்ற எண்ணத்தோடு பல்லுக்கும் கெடுதலில்லை என்ற நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த நம்பிக்கை பல பேரின் பல்லைக் காவு வாங்குகிறது. அதனால் நான்கு இனிப்புகளையும் பல்லின் மேல் குடியிருக்கும் பாக்டீரியாவின் பக்கமிருந்து பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டியவை மூன்று. அந்த இனிப்பு அமிலமாக மாறுகிறதா, பசையாக மாறுகிறதா, வாயில் எவ்வளவு நேரம் தங்குகிறது. பல்லின் மேல் பாக்டீரியா சேர்ந்து ஒட்டியிருக்கும் படலத்தின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் எண்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளி ஓடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். இனிப்பு வாய்க்குள் போன 5 முதல் 10 நிமிடத்துக்குள் அளவு சரிந்துவிடும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 1940களில் பல் ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் அளந்து காட்டிய இந்தச் சரிவும் மீட்சியும் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகின்றன.

வெள்ளைச் சர்க்கரை. கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ் என்ற சர்க்கரை வகை. சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான தீனி இல்லை. குளுக்கோஸ், பிரக்டோஸ் எதைக் கொடுத்தாலும் அது அமிலம் செய்யும். ஆனால் சுக்ரோஸ் கிடைத்தால் கூடவே நீரில் கரையாத குளுக்கான் என்ற பசையையும் நூற்கும். அந்தப் பசையில்தான் படலம் பல்லோடு கெட்டியாக ஒட்டுகிறது. உமிழ்நீர் உள்ளே புகுந்து அமிலத்தைத் தணிப்பதையும் அந்தப் பசை தடுக்கிறது.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு. நிறமும் மணமும் வேறு. தாது உப்புகளும் கொஞ்சம் உண்டு. ஆனால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். பனங்கற்கண்டு படிகமாக உறைந்த சுக்ரோஸ். கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா என்று பாக்டீரியாவின் நொதிக்குத் தெரியாது. டீயில் கரைந்துவிட்டால் வெள்ளைக்கும் கருப்புக்கும் பல் அளவில் சொல்லும்படி வித்தியாசமில்லை. கட்டியாகக் கடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டால் வெள்ளையைவிட மோசம், ஏனென்றால் கரையும்வரை அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். சுவைக்காகக் கருப்பட்டி போடுங்கள், அது நல்ல காரணம். பல்லுக்காகப் போடாதீர்கள்.

தேன். இங்கேதான் உண்மையான வித்தியாசம் கொஞ்சம் இருக்கிறது. தேனில் சுக்ரோஸ் மிகக் குறைவு, பிரக்டோஸும் குளுக்கோஸும்தான் அதிகம். ஆகவே பசை குறையும். அமிலம் குறையாது. தேனே இயல்பில் அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 4க்கு அருகில். கிருமியைக் கொல்லும் குணம் அதற்கு உண்டு என்பது சரிதான். ஆனால் அதற்குக் காரணமான நொதி சூட்டில் கெட்டுப்போகும், கொதிக்கும் டீயில் அதை எதிர்பார்க்க முடியாது. குழந்தையின் சூப்பானைத் தேனில் தொட்டுக் கொடுப்பது முன்பல் வரிசையையே அரித்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

சைலிட்டால். மியூட்டன்ஸ் இதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுக்கும், அதைச் செரிக்க முடியாமல் சக்தியைச் செலவழித்து வெளியேற்றும். அமிலமும் இல்லை, பசையும் இல்லை. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில் ஒரு குழுவினர் சுக்ரோஸ், இன்னொரு குழுவினர் பிரக்டோஸ், மூன்றாவது குழுவினர் சைலிட்டால் சேர்த்த உணவு உண்டார்கள். சைலிட்டால் குழுவில் புதிய சொத்தை ஏறக்குறைய இல்லை. பிரக்டோஸ் நடுவில் நின்றது. ஆனால் 2015இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை), சூயிங்கம், மிட்டாய் வடிவில் சைலிட்டால் சொத்தையைத் தடுக்கும் என்று சொல்லச் சான்று போதாது என்றது. நான் இதைச் சர்க்கரைக்கு மாற்று என்றுதான் எடுத்துக்கொள்வேன், மருந்து என்று அல்ல. ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். உறையில் 967 என்ற எண் இருந்தால் சைலிட்டால், 420 என்றால் சார்பிட்டால் என்ற வேறொரு மாற்று இனிப்பு. 'சுகர் ஃப்ரீ' என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்கு இது கொடிய விஷம்.

எந்த இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேர அமிலம் என்றால் மூன்று மணி நேரம் எனாமல் கரைசலில் நிற்கிறது. ஒரே டீயைப் பிளாஸ்கில் வைத்து மேசையில் மணிக்கணக்கில் உறிஞ்சினால் ஒவ்வொரு மடக்குக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். இப்படியே நாள்தோறும் நடந்தால், அமிலம் தாங்காத நல்ல வகைகள் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்றவை) குறைந்து, அமிலத்தில் செழிக்கும் மியூட்டன்ஸும் லாக்டோபாசிலஸும் இடத்தைப் பிடிக்கும். பிறகு கொஞ்சம் இனிப்புக்கே அதிக அமிலம். 1940களில் சுவீடனில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விப்பேஹோல்ம் காப்பகத்தில் நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்புதல் கேட்காமல் செய்த அந்தக் கொடுமையை நியாயப்படுத்த முடியாது. சாப்பாட்டோடு உண்ட இனிப்பைவிட, இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்பு பல மடங்கு சொத்தை தந்தது என்பது அங்கே தெரிந்தது.

அதனால் டீயோடு என்ன கடிக்கிறோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். ரஸ்க், பிஸ்கட் இரண்டும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் மாவாக அப்பிக்கொள்ளும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அந்த மாவை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்து பாக்டீரியாவுக்கு ஊட்டும். கடலைமிட்டாயில் கடலை நல்லது, பாகு ஒட்டும். வறுத்த கடலை இவை எல்லாவற்றையும்விட மேல்: சர்க்கரை அற்பம், மெல்லும்போது உமிழ்நீர் பெருகும்.

இனிப்பை விட முடியாதவர்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள், டீயைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். தட்டையாக ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் பெரியவர்களுக்குச் சொன்ன உத்தம வரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள். வெல்லமும் தேனும் இதில் அடங்கும்.

படுக்கும் முன் குழந்தைக்குக் கொடுக்கும் பனங்கற்கண்டுப் பால்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும், அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. பாலை இரவுச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்கள். பிறகு ஃப்ளூரைடு பேஸ்ட்டால் பல் தேய்த்துவிட்டு, விடியும்வரை தண்ணீர் மட்டும்.