கோட் ரீடரா, புளூடூத் அடாப்டரா?

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், டாஷ்போர்டின் கீழுள்ள 16 முனை ஓபிடி (வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறியும் அமைப்பு) சாக்கெட்டில் செருகும் இவ்விரண்டில் ஒன்று இருந்தாலே முதற்கட்ட ஆய்வை நாமே செய்துவிடலாம். எளிய கோட் ரீடர், கைபேசியின் துணையின்றி, எடுத்துக்காட்டாக பி0171 என்ற கோளாறுக் குறியீட்டை உடனே காட்டும். ஆனால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது என்பதோடு அது நின்றுவிடும், காரணத்தைச் சொல்லாது. புளூடூத் அடாப்டரோ, எஞ்சின் ஓடும்போதே ஃபியூயல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) அளவைச் செயலியில் காட்டுவதால், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) கூட்டலாக 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும் அளவு 2500 ஆர்பிஎம்மில் பெரிதும் இறங்குமானால், வேக்குவம் கசிவை, அதாவது அளவிடப்படாத காற்று எஞ்சினுக்குள் புகும் இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். மலிவான போலி அடாப்டர்கள் சில வண்டிகளோடு இணைவதில்லை என்றாலும், இந்த ஒரு சோதனைக்காகவே நான் புளூடூத் அடாப்டரைத்தான் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும், குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிடாதீர்கள்; கோளாறு தோன்றிய கணத்தின் ஃப்ரீஸ் ஃபிரேம் பதிவும் அதோடு அழிந்துபோகும்.