நூற்றுக்கு எத்தனை? தசமத்தைச் சதவீதமாகப் படித்த ஆறு வருட அனுபவம்

தசமத்தைச் சதவீதமாக்க ‘புள்ளியை வலப்பக்கம் இரண்டு இடம் தள்ளு’ என்றுதான் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு வந்த பிறகும் அதை வைத்தே ஓட்டினேன். ஆறு வருடங்களுக்கு முன் அதை விட்டுவிட்டு, எந்தத் தசமத்தையும் ‘நூற்றுக்கு எத்தனை’ என்று வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்துக்கு மாறினேன்.

மாற வைத்தது 0.6. ஓர் அறிக்கையில் அதை 6% என்று எழுதிவிட்டேன். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்தான் இருந்தது, அதைத் தாண்டியதும் கை நின்றுவிட்டது. விதி தெரிந்திருந்தும் தப்பு நடந்தது, ஏனென்றால் அந்த விதிக்கு அர்த்தம் எதுவும் என் மனதில் இல்லை. இப்போது 0.6ஐப் பார்த்தால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0.60 என்று எடுத்துக்கொள்கிறேன். மதிப்பு மாறாது; நூற்றுக்கு அறுபது. 0.06 வந்தால் நூற்றுக்கு ஆறு. நூறு என்று பொருள்படும் ‘சதம்’ சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் அதிகம் கைகொடுத்தது சின்ன எண்களில்தான். 0.005 என்றால் நூற்றுக்கு அரை, அதாவது 0.5%. இதைப் பாதி என்று படித்துவிடுபவர்கள் நிறைய. ‘இருநூறில் ஒன்று’ என்று சொல்லிப் பார்த்தால் குழப்பம் போய்விடும். அப்புறம் 1.25: நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து. போன வருடத்தோடு ஒப்பிடும்போது இது வரலாம். ஒரு முழுமையின் பங்காக வந்தால் கணக்கில் எங்கோ பிழை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் தினமும் பார்ப்பது வேறு. கட்டத்தில் 8 என்று அடித்துவிட்டு, பிறகு % பொத்தானை அழுத்தினால் 800% காட்டும். உள்ளே இருப்பதை நூறால் பெருக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. உள்ளே 0.08 இருந்தால்தான் வெளியே 8%. அதேபோல் 0.125, 0.125, 0.75 மூன்றையும் புள்ளி இல்லாமல் காட்டச் சொன்னால் 13%, 13%, 75% என்று வரும். கூட்டினால் 101! உள்ளே கூட்டுத்தொகை சரியாக 1தான். அதனால் பங்குகளைக் காட்டும் அட்டவணையில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது விட்டுவைக்கிறேன்.

இந்த முறை தீர்க்காத சிக்கலும் உண்டு. 0.04 என்பது 0.05 ஆனால் ‘ஒரு சதவீதம் கூடியது’ என்று எழுதத் தோன்றும். கூடியது ஒரு சதவீதப் புள்ளி, அதாவது 4%க்கும் 5%க்கும் உள்ள வித்தியாசம். முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 25%. இதை ஒவ்வொரு முறையும் நின்று யோசித்துத்தான் எழுதுகிறேன். சதவீதத்தில் சதவீதம் பார்க்க வேண்டியிருந்தால், உதாரணமாக 30%இல் 20%, தசமத்துக்கே திரும்பிவிடுகிறேன்: 0.3 × 0.2 = 0.06. நூற்றுக்கு ஆறு.