குழுவாகப் பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு: பிஎன்ஆர் (விமானப் பதிவு எண்) வந்துவிட்டால் டிக்கெட் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள்

இளைஞர் மன்றம், கல்லூரிக் கிளப், விளையாட்டு அணி என்று எந்தப் பெயரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிற ஏற்பாட்டில் இருந்தாலும் இதைக் கொஞ்சம் முழுசாகப் படித்துவிடுங்கள். என் மகள் இருக்கும் இளைஞர் குழுவை ஒரு பயண ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார். பணம் போனது ஒரு பக்கம். ஏமாந்த பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே அந்த ஆள் திட்டம் போட்டிருந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, அடுத்த விடுமுறைக்கு வேறு பெயரில், வேறு லோகோவோடு வந்து நிற்பார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால்தான் உதவும்.

முதலில் வந்தது ஒரு அழைப்புக் கடிதம். பன்னாட்டு இளைஞர் முகாம் என்று தலைப்பு, உலக அமைப்புகளின் சின்னங்கள் வரிசையாக, கீழே கையெழுத்தும் முத்திரையும். பங்கேற்பு இலவசம், தங்குமிடம் இலவசம், விமான டிக்கெட்டை மட்டும் 'முகாமால் அங்கீகரிக்கப்பட்ட' ஏஜென்ட் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி. சூட்சுமம் முழுக்க அந்த ஒரு வரியில்தான். இலவசம் என்று நாலு இடத்தில் போட்டுவிட்டுப் பணம் கட்டும் வாசலை மட்டும் ஒன்றே ஒன்றாக வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஐக்கிய நாடுகள் சபை தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிகளைப் பற்றித் தன் தளத்திலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறது. சாரணர்களின் உலகப் பெருமுகாமான ஜம்போரி மாதிரி உண்மையான நிகழ்வுகளுக்கு அந்தந்த நாட்டின் தேசிய சாரணர் அமைப்பு வழியாகத்தான் குழுக்கள் போகின்றன, முன்பின் தெரியாத ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் வந்து கூப்பிட மாட்டார்.

சரி, இனி டிக்கெட் விஷயம். கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் இதைப் புரிந்துகொண்டால் பாதி மோசடி அங்கேயே உடைந்துவிடும்.

பெரும்பாலான விமான நிறுவனங்களில் 10 பேரோ அதற்கு மேலோ ஒன்றாகப் போனால் அது குரூப் புக்கிங். முன்பணம் கட்டி சீட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலை அப்புறம் கொடுத்து, கடைசித் தேதிக்குள் முழுப் பணமும் கட்டி டிக்கெட் அடிக்கலாம். தனி ஆளுக்கும்கூட, பணம் கட்டாமலே ஏஜென்ட் கொஞ்ச நேரம் சீட்டைப் பிடித்து வைக்க முடியும். இரண்டு இடத்திலும், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு குறிகள் கொண்ட பிஎன்ஆர் வந்துவிடும். அதை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பயணியின் பெயர், தேதி, விமான எண் எல்லாம் அழகாகக் காட்டும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? டிக்கெட் கைக்கு வந்துவிட்டது என்றுதான். கெடு தாண்டியதும் அந்தப் பதிவு தானாகவே ரத்தாகிவிடும்.

எங்களுக்கு வந்த பிடிஎஃப் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் 'ஹெச்கே' என்று இருக்கிறது. சீட் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி அது, பணம் கட்டியாயிற்று என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் 'உறுதி' என்று ஒரு பட்டை ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு வரி பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது, எழுத்துகளின் தலைப்பகுதி மட்டும் எட்டிப் பார்க்கிறது. டிக்கெட் அடிக்க வேண்டிய கெடு அந்த வரியில்தான் இருந்தது என்று விமான நிறுவனத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

உண்மையான மின் டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. ஆளுக்கொரு எண் இருக்கும், குழு முழுவதற்கும் பொதுவாக ஒரே எண் என்று யாராவது சொன்னால் பொய். எண்ணைக் கையில் வாங்கியதும் விமான நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு, இந்த டிக்கெட் அடிக்கப்பட்டிருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த 'ஏர்லைன் ஹெல்ப்லைன்' எண்ணுக்குப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பக்கம் அவருடைய கூட்டாளி இருப்பார்.

ஹோட்டலிலும் இதே கதைதான். கட்டணம் இல்லாமல் ரத்து செய்யும் வசதியோடு அறைகளைப் பதிவு செய்து, வரும் உறுதிக் கடிதத்தை அப்படியே நமக்கு அனுப்பிவிட்டு, மறுநாளே ரத்து செய்துவிடுகிறார்கள். கடிதம் அசல்தான், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது. பயணத்துக்கு முன் ஹோட்டலைக் கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

ஏஜென்ட் ஐயாட்டா (விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம்) எண் கொடுத்தால் அதை ஐயாட்டாவின் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் வேறொரு நல்ல நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் போட்டிருக்கவும் கூடும், ஆகவே அந்த எண் யாருக்கு உரியதோ அவர்களைக் கூப்பிட்டு இந்த ஆள் உங்கள் ஆளா என்று கேட்பது நல்லது. சில நாடுகளில் சட்டமே கொஞ்சம் துணைக்கு வரும். பிரிட்டனில் 1973 முதல் இருக்கும், பயணிகளின் பணத்தைப் பாதுகாக்கும் அட்டோல் திட்டத்தின் கீழ் வரும் விமானப் பயணத் தொகுப்புக்கு முன்பணம் கட்டினாலே சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பயணத் தொகுப்பு விதியும், நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்று பணம் கட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. குழுவை ஏமாற்றுகிறவன் எல்லோரிடமும் பேசுவதில்லை. ஒருங்கிணைப்பாளர் ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்கிறான். எங்கள் குழுவில் அது ஒரு கல்லூரிப் பையன், பிள்ளைகள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி, பொறுப்பானவன். "தம்பி, இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டலைன்னா சீட் போயிடும், அப்புறம் பெத்தவங்க உங்களைத்தான் கேப்பாங்க" என்று அவனுக்குக் குரல் செய்தி மேல் குரல் செய்தி. கூடவே, இத்தனை பேர் கட்டினால் அழைத்துப் போகிறவருக்கு ஒரு சீட் இலவசம் என்று ஒரு சலுகை. இது பயணத் தொழிலில் நல்ல நிறுவனங்களும் கொடுக்கிற சலுகைதான், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் ஏஜென்ட்டின் போன் அணைந்த அன்றைக்கு அந்த இலவச சீட் என்ன வேலை செய்தது தெரியுமா? "உனக்கு ஓசி டிக்கெட், அதான் எங்க பணத்தையெல்லாம் வாங்கி அவன் கையில கொடுத்திருக்கே" என்று பெற்றோர் பாதிப் பேர் அந்தப் பையன் மேல் பாய்ந்துவிட்டார்கள். பணத்தில் பெரும்பகுதியும் அவன் கணக்கு வழியாகத்தான் போயிருந்தது. அவன் வீட்டை விட்டு வெளியே வரவே பயந்தான். கூட்டம் கூட்டமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வங்கிக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. வங்கிப் பரிமாற்றத்தில் முதல் சில மணி நேரம்தான் உயிர், அதற்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, தாமதமானால் மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு வாங்கிய நாலைந்து வங்கிக் கணக்குகள் தாண்டிப் பணம் போய்விடும்.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவரின் பேத்தியும் குழுவில் இருந்தாள். அவர்தான் எல்லோரையும் உட்கார வைத்து, "பையனை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல அவன் போனைப் பத்திரமா வைங்க, ஆதாரம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். கோபத்தில் யாராவது அதைப் பிடுங்கிப் போட்டு உடைத்திருந்தால் வழக்கே இல்லை. அதன் பிறகுதான் வேலை நடந்தது. குரல் செய்திகள், ரசீதுகள், கணக்கு எண்கள் எல்லாம் தேதிவாரியாக ஒரே கோப்பில் சேர்த்தோம். குழுவாக ஒரு புகார், அதோடு ஒவ்வொரு குடும்பமும் தனியாக ஒரு புகார். ஒருங்கிணைப்பாளர் பாதிக்கப்பட்டவராகத்தான் புகாரில் இருக்கிறார், முதல் சாட்சியும் அவர்தான். ஏஜென்ட்டின் கட்டண இணைப்பில் நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டிய இரண்டு குடும்பங்கள் சார்ஜ்பேக் (கார்டு வங்கி வழியாகக் கட்டணத்தைத் திருப்பிப் பெறுவது) கேட்டு முழுப் பணமும் திரும்ப வாங்கிவிட்டன. அதற்குக் கால வரம்பு உண்டு, பொதுவாக 120 நாள் என்பார்கள், எந்தத் தேதியிலிருந்து என்று உங்கள் வங்கியைக் கேளுங்கள். மற்றவர்களின் பணம் இன்னும் வரவில்லை.

ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகல்கள் பற்றி யாருமே முதலில் யோசிக்கவில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் இப்போது அந்த ஆளிடம். பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துப் புகார் நகலையும் இணைத்திருக்கிறோம். டிக்கெட் பதிவுக்குப் பெயர் விவரமும் பாஸ்போர்ட் எண்ணும் போதும், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை எடுத்த எடுப்பிலேயே கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

அக்கம்பக்கத்துக் குழுக்களுக்குச் சொல்லலாமா, மானம் போகுமே என்று நிர்வாகத்தில் சிலர் இழுத்தார்கள். நாங்கள் சொல்லிவிட்டோம். அந்த முகாம் அழைப்புக் கடிதம், பெயரை மட்டும் மாற்றி, இன்னொரு குழுவிடமும் வந்திருந்தது. அவர்கள் முன்பணம் கட்ட இருந்த நேரம்.

கடைசியாக ஒன்று. புகார் கொடுத்த கொஞ்ச நாளில் பெற்றோர் சிலருக்கு 'இழந்த பயணப் பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தவும்' என்று செய்தி வந்தது. எங்கள் பெயர், கட்டிய தொகை எல்லாம் அதில் சரியாக இருந்தன. அந்தத் தொகை எங்களுக்கும் வங்கிக்கும் காவல்துறைக்கும், பணத்தை எடுத்துக்கொண்டு போனவனுக்கும்தான் தெரியும். வங்கியோ காவல்துறையோ பணத்தைத் திருப்பித் தர முன்கட்டணம் கேட்பதில்லை. எங்கள் குழுவில் இதுவரை யாரும் அதற்குக் கட்டவில்லை, செய்தி வந்த எண்களைப் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் அப்படி வந்தால் பதில் எதுவும் போடாமல் படம் பிடித்து உங்கள் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.