சத்துவாச்சாரியில் மண் விற்கும் அக்காவும் பாக்கெட் மேல் இருக்கும் ஆங்கிலமும்

வேலூரில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் மண்ணுக்காக ஆன்லைனில் பணத்தைக் கொட்ட வேண்டாம். சத்துவாச்சாரி தாண்டி பைபாஸ் சர்வீஸ் ரோட்டு ஓரமாக, பெயர்ப் பலகை கூட இல்லாமல் வேப்பமரத்தடியில் ஒரு நர்சரி இருக்கிறது. செடிகள் சுமார்தான், குரோட்டன்ஸும் செம்பருத்தியும் எல்லா இடத்திலும் கிடைப்பதுதான். மண்ணுக்காகப் போங்கள்.

செம்மண் தனி, ஏரி வண்டல் தனி, களிமண் தனி, மணல் தனி, மக்கிய மாட்டெரு தனி என்று குவியல் குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முதலில் விலை சொல்வதில்லை, "இன்னா வெக்கப் போறீங்க?" என்றுதான் கேட்கிறார். தொட்டியில் தாமரை என்றால் களிமண்ணைக் காட்டுவார். கீரை என்றால் எருவும் தென்னை நார்க்கழிவும் தூக்கலாகப் போட்ட கலவை. நான் கேட்டது நம் ஊர் இலவம்பாடி முள் கத்திரிக்கு, அதுதான் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தக் கத்திரி. அதற்கு செம்மண் இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு, கூடவே நார்க்கழிவு கொஞ்சம் என்று கண் முன்னாலேயே மண்வெட்டியால் புரட்டிக் கொடுத்தார். செடி வேர் பிடித்து நன்றாக வந்திருக்கிறது, வேலூர் மே மாத வெயிலிலும் மண் கல் மாதிரி இறுகவில்லை.

இந்தக் கடையை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம் பாக்கெட்டுகள்தான். வீட்டுக்கு வந்த ஒரு மூட்டையில் பெரிய எழுத்தில் 'பாட்டிங் சாயில்', அதாவது தொட்டி மண் என்று போட்டிருந்தது, பிரித்தால் உள்ளே ஒரு பிடி மண் கூட இல்லை, முழுக்கத் தென்னை நார்க்கழிவு. இதில் ஏமாற்று என்று சொல்லவும் முடியாது. வெளிநாடுகளில் அந்தப் பெயரில் விற்பதே பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி), பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைப் பாறைத் துகள்), நார்க்கழிவு எல்லாம் சேர்ந்த கலவைதான், நிலத்து மண் அதில் பெரும்பாலும் இருக்காது. பெயரில் மட்டும் சாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தையே இரட்டை வேடம் போடுவது. நிலத்தைக் குறிக்கும் சாயில் வேறு, அழுக்காக்குவதைக் குறிக்கும் சாயில் வேறு, இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்தில் நிற்கின்றன. பேங்கில் அழுக்கு நோட்டை 'சாயில்டு நோட்' என்பது இந்த இரண்டாவதை வைத்துத்தான். 'நைட் சாயில்' என்றால் மனித மலம், பழைய விவசாயப் புத்தகத்தில் எருவென்று பார்த்தால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'டர்ட்'. அமெரிக்கக்காரர் வீடியோவில் நல்ல டர்ட் வேண்டும் என்றால் நல்ல மண் என்று அர்த்தம், இங்கிலாந்தில் அதே வார்த்தைக்கு முதலில் தோன்றுவது அழுக்குதான். மூலம் பழைய நார்ஸ் மொழி, அங்கே அது மலத்தைக் குறித்தது. இது தெரியாமல் வீடியோ பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஆனால் குழப்பத்தோடு போய்விடும். 'மட்' அப்படியில்லை, அதில் கொஞ்சம் ஆபத்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட் என்றால் ஈரச் சேறு. நம் ஊர் ஆங்கிலத்தில் மட் பாட், மட் ரோடு என்று காய்ந்த மண்ணுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம், அதே பழக்கத்தில் செம்மண்ணை 'ரெட் மட்' என்று எழுதுகிறோம். உலகம் முழுக்க ரெட் மட் என்றால் அலுமினா (அலுமினியத்துக்கான மூலப்பொருள்) ஆலைக் கழிவு, கடும் காரத்தன்மை உள்ளது. 2010இல் ஹங்கேரியில் அய்க்கா நகரத்துப் பக்கம் அந்தக் கழிவுக் குளம் உடைந்து ஊருக்குள் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். செம்மண் வேண்டுமென்றால் 'ரெட் சாயில்' என்று தேடுங்கள், அல்லது செம்மண் என்றே தமிழில் தேடுங்கள்.

'லோம்' என்று போட்ட பாக்கெட்டுக்கும் ஒரு அளவு உண்டு. மணல் 40, வண்டல் 40, களி 20 சதவீதம் என்ற கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது லோம். 0.002 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் துகள் களி, மணல் 2 மில்லிமீட்டர் வரை போகும், நடுவில் இருப்பது வண்டல். வீட்டிலேயே பார்க்கலாம்: கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் இறங்கிவிடும், வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும், களி மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அக்காவுக்கு பாட்டில் எல்லாம் வேண்டாம், ஈர மண்ணை உள்ளங்கையில் திரியாக உருட்டி, உடைகிறதா நிற்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடுகிறார்.

எனக்கு முக்கியமானது ஒன்று, மண் எங்கே எடுத்தது என்று கேட்டால் ஏரி பெயரோடு பதில் வருகிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அமெரிக்காவில் சாக்கடை சுத்திகரிப்பில் வரும் 'ஸ்லட்ஜ்' என்ற கசடைப் பதப்படுத்தி உரமாகவே மூட்டையில் விற்கிறார்கள். நம் பக்கம், ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை ஸ்லட்ஜ் என்றால் தோல் தொழிற்சாலைக் கழிவுதான் நினைவுக்கு வரும், அதில் குரோமியம் என்ற கன உலோகம் இருக்கும். பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன ஊர் இது. பிள்ளைகள் சாப்பிடும் கீரைக்கு மண் வாங்கும்போது இடம் கேட்காமல் வாங்கக் கூடாது, கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வாங்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

சரி, குறைகளும் உண்டு. வண்டலில் கோரைக் கிழங்கு வருகிறது, சலிக்காமல் தொட்டியில் போட்டால் அப்புறம் பிடுங்கி மாளாது. நார்க்கழிவுக் கட்டியை அலசாமல் அப்படியே உடைத்துக் கலக்கிறார்கள், அதில் உப்பு இருக்கும், அதனால் கட்டியாகவே வாங்கி வந்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுப் பிறகு நீங்களே கலந்துகொள்ளுங்கள். விலை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதினால் நன்றாக இருக்கும். நாலைந்து சாக்கு என்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், குட்டியானை நிறைகிற அளவுக்கு எடுத்தால்தான் வண்டி வரும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அக்காவுக்கு நின்று பேச நேரம் இருக்காது, வார நாளில் காலையில் போவது நல்லது. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், ஈர மண் சாக்கை மாடிக்குத் தூக்க முடியாது.