யூராக்செஸ்: காசில்லாமல் பிஎச்டி இடம் தேட

எம்டெக் முடித்த கையோடு ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஐரோப்பாவில் பிஎச்டி இடம் பிடித்துத் தர 60,000 ரூபாய் கேட்டார்கள். பேசிக்கொண்டே அந்த அக்கா திரையில் திறந்து வைத்திருந்தது யூராக்செஸ் தளம். ஆராய்ச்சி வேலைகளுக்கான, ஐரோப்பிய ஆணையத்தின் இலவசத் தளம் அது. சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதில் ஆர்1 என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கான நிலை அது. அதைத் தட்டினால் போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்தவர்களுக்கான ஆராய்ச்சி வேலை) விளம்பரங்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். பல இடங்கள் சம்பளத்தோடு கூடிய வேலை. வீட்டில் இதைப் புரிய வைக்கத்தான் அதிக நேரம் ஆனது. விண்ணப்பிக்கக் கடைசி நேரம் பிரஸ்ஸல்ஸ் கடிகாரக் கணக்கில் இருக்கும். நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் லாபம், குளிர்காலத்தில் நாலரை.

மேரி கியூரி வலையமைப்பு (ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் பிஎச்டி திட்டம்) இடங்களுக்கு மட்டும் விதியைப் படியுங்கள். வேலையில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை இருக்கும் அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருடம் எம்எஸ் படித்து முடித்த என் அறைத்தோழன், அங்கேயே இருந்த அருமையான இடத்தை இதனால்தான் விட்டான். பெல்ஜியத்துக்குப் போட்டான். திருச்சியைத் தாண்டாத எனக்கு அந்தக் கவலையே இல்லை.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில்தான் போட வேண்டும். பதினொன்று போட்டேன், இரண்டு நேர்காணல் வந்தது. ஓர் இடத்திலிருந்து ஐந்து மாதமாக 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை.